தினமும் மூன்று வரி

நிலை 6 – பாடம் 11
இந்தப் பாடத்தில்: நாட்குறிப்பு எழுதும் பழக்கம், பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும்



நேற்று இரவு பல் தேய்த்தீர்களா? "ஆமாம்" என்று எல்லோரும் சொல்வீர்கள். சரி, எந்தப் பக்கத்தை முதலில் தேய்த்தீர்கள்? இடது பக்கமா, வலது பக்கமா?

ஞாபகம் இல்லை அல்லவா? கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. நீங்கள் வேறு எதையோ யோசித்துக்கொண்டு நின்றீர்கள். ஆனால் உங்களுக்கு மூன்று வயதாக இருந்தபோது உங்களைப் பல் தேய்க்க வைக்க என்ன பாடு பட்டார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அழுகை, ஓட்டம், கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வது, எல்லாம் நடந்திருக்கும். அன்று அது பெரிய போராட்டம். இன்று அதைப் பற்றி நீங்கள் நினைப்பதுகூட இல்லை. இந்த மாற்றத்துக்குப் பெயர்தான் பழக்கம்.

"பழகு" என்ற சொல்லிலிருந்து வந்தது "பழக்கம்". அந்தச் சொல்லை நாம் மனிதர்களுக்கும் சொல்கிறோம். "பக்கத்து வீட்டுப் பையனோடு நல்லாப் பழகிட்டான்." "புது ஸ்கூல் பழகிடுச்சா கண்ணு?" ஒன்றோடு பல நாள் இருந்து இருந்து, அது நமக்குப் புதிதாகத் தெரியாமல் போவதுதான் பழகுவது. ஒரு வேலையோடும் நாம் அப்படித்தான் பழகுகிறோம். முதல் நாள் அது அந்நியர் மாதிரி இருக்கும். கொஞ்ச நாள் போனால் நம் வீட்டு ஆள்.

பூங்காவிலோ மைதானத்திலோ புல்லுக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதையைப் பார்த்திருப்பீர்கள். அதை யாரும் கல் போட்டுக் கட்டவில்லை. ஒருவர் நடந்தார், மறுநாளும் நடந்தார், இன்னும் சிலர் அதே இடத்தில் நடந்தார்கள். புல் படுத்தது, மண் தெரிந்தது, பாதை வந்துவிட்டது. நம் மூளையிலும் ஏறத்தாழ இதுதான் நடக்கிறது. ஒரே செயலை ஒரே சூழ்நிலையில் திரும்பத் திரும்பச் செய்தால், மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா என்ற பகுதி அந்த வேலையை மெல்லத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. யோசிக்கும் பகுதிக்கு அந்த நேரத்தில் ஓய்வு. அதனால்தான் எந்தப் பக்கம் முதலில் தேய்த்தீர்கள் என்று உங்களுக்கே தெரியவில்லை!

இப்போது நம் தமிழ் வகுப்பை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஒரு வகுப்பு, இரண்டு மணி நேரம். ஆண்டுக்கு 36 வகுப்புகள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 72 மணி நேரம். அதாவது சரியாக மூன்று நாள். 365 நாளில் மூன்று நாள்! நேரம் குறைவு என்பது எனக்குப் பெரிய கவலை இல்லை. ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவில் ஆறு நாள் இருக்கிறதே, அதுதான் கவலை. வாரம் ஒரு முறை மட்டும் நடந்தால் புல் மறுபடி முளைத்துவிடும். நானும் உங்களைப் போல வெளிநாட்டில் வளர்ந்து, வாரம் ஒரு நாள் தமிழ்ப் பள்ளிக்குப் போனவள்தான். என்னோடு படித்தவர்களில் இன்றும் தமிழ் படிக்கக்கூடியவர்கள் யார் என்று யோசித்தால், பரிசு வாங்கினவர்கள் எல்லோரும் அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டில் தினமும் கொஞ்சமாவது தமிழைத் தொட்டவர்கள் இருக்கிறார்கள்.

கீழே வருவது ஒரு வீட்டில் அம்மாவும் மகனும் பேசும் உரையாடல். மகனுக்குப் பதினோரு வயது. இருவர் இருவராகச் சேர்ந்து, நடிப்போடு வாசியுங்கள்.

மகன்: அம்மா, பாட்டி மெசேஜ் அனுப்பியிருக்காங்க. படிச்சுச் சொல்லேன்.

அம்மா: நீயே படியேன்டா.

மகன்: முதல் வரி படிச்சேன். நல்லா இருக்கியான்னு கேட்டிருக்காங்க. அதுக்கப்புறம் ரொம்ப நீளமா இருக்கு. நான் படிச்சா விடிஞ்சுடும்.

அம்மா: குடு பார்க்கலாம். அட! "அம்மாகிட்ட சொல்லிடாதே"ன்னு எழுதியிருக்காங்களே!

மகன்: ஐயோ! குடு, குடு! படிக்காதே!

அம்மா: நான் படிக்கலைப்பா. அந்த வரி மட்டும்தான் கண்ணுல பட்டுச்சு.

மகன்: பாட்டி எனக்கு ஒரு ரகசியம் அனுப்பறாங்க. அதை நீதான் படிச்சுச் சொல்ல வேண்டியிருக்கு. அப்புறம் அது என்ன ரகசியம்?

(கொஞ்ச நேரம் கழித்து)

மகன்: அம்மா, நாளைலேர்ந்து நான் தினமும் ஒரு மணி நேரம் தமிழ் படிக்கப் போறேன்.

அம்மா: ஒரு மணி நேரமா?

மகன்: ஆமா. நிஜமா!

அம்மா: லீவுல தினமும் நூறு தோப்புக்கரணம் போடறேன்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா?

மகன்: நாலு நாள் போட்டேனே!

அம்மா: அஞ்சாவது நாள்?

மகன்: கால் வலிச்சுது.

அம்மா: அதான். ஒரு மணி நேரம் வேண்டாம். தினமும் மூணு வரி தமிழ்ல எழுது.

மகன்: மூணே மூணு வரியா? அது ரெண்டு நிமிஷ வேலை.

அம்மா: அதனாலதான் சொல்றேன். தூக்கம் வந்தாலும், ஹோம்வொர்க் நிறைய இருந்தாலும், கோபமா இருந்தாலும், ரெண்டு நிமிஷம் எழுத முடியும். ஒரு மணி நேரம் முடியுமா?

மகன்: எனக்குப் படிக்கத்தானே வரணும்? எதுக்கு எழுதணும்?

அம்மா: படிக்கறப்போ எழுத்து உன் கண் முன்னாடி தானா வந்து நிக்கும். எழுதறப்போ நீதான் அதைத் தேடிப் பிடிக்கணும். தேடிப் பிடிச்சதை அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டே.

மகன்: சரி, எப்போ எழுதறது?

அம்மா: ராத்திரி சாப்பிட்டதும் உன் தட்டைக் கழுவி வைக்கறே இல்ல?

மகன்: நீ திட்டுவே. அதனால வைக்கறேன்.

அம்மா: இப்பவும் திட்டறேனா?

மகன்: இல்லை. இப்போ தானாவே வெச்சுடறேன்.

அம்மா: அப்போ தட்டை வெச்சதும் நோட்டை எடு. அதே இடம், அதே நேரம்.

மகன்: தப்புத் தப்பா எழுதினா?

அம்மா: எழுதேன். யார் பார்க்கப் போறாங்க?

அந்த அம்மா சொன்னதில் முக்கியமான பகுதி மூன்று வரி என்பதல்ல, தட்டு! பையன் தட்டைக் கழுவி வைப்பது ஏற்கெனவே பழக்கமாகிவிட்டது. அது சுவரில் உறுதியாக அடித்த ஒரு கொக்கி. புதிய பழக்கம் ஒரு சட்டை. சட்டையைக் காற்றில் தொங்கவிட முடியாது, கொக்கியில்தான் மாட்ட வேண்டும். "தினமும் எப்போதாவது எழுதுவேன்" என்பது காற்றில் தொங்கவிட்ட சட்டை. "தட்டைக் கழுவி வைத்ததும் எழுதுவேன்" என்பது கொக்கியில் மாட்டிய சட்டை.

என் வேலை மென்பொருள் எழுதுவது. கணினிக்கு நாங்கள் கட்டளை எழுதும்போது "நேரம் கிடைத்தால் செய், மனம் இருந்தால் செய்" என்று எழுத முடியாது. கணினி ஒன்றும் புரியாமல் நிற்கும். "இந்தப் பட்டனை யாராவது அழுத்தினால், உடனே அதைச் செய்" என்று எழுத வேண்டும். எது நடந்தால், எதைச் செய்ய வேண்டும்? இரண்டும் தெளிவாக இருந்தால் போதும். மனிதர்கள் கணினி இல்லைதான். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் நம் மூளைக்கும் அதே மாதிரி தெளிவு பிடிக்கிறது.

வேண்டாத பழக்கமும் இதே வழியில்தான் வருகிறது. சாப்பிட்டு எழுந்ததும் கை டேப்லெட்டைத் தேடுகிறதா? அங்கே சாப்பாடு கொக்கி, டேப்லெட் சட்டை. உங்களை நீங்களே திட்டிக்கொள்வதைவிட, டேப்லெட்டை வேறு அறையில், அலமாரிக்குள் வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவது சுலபம். கண்ணில் படாத பொருளைக் கை அவ்வளவாகத் தேடாது.

ஒரு பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும்? யாரைக் கேட்டாலும் "21 நாள்" என்பார்கள். இந்த எண் எப்படி வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று அமெரிக்காவில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் இருந்தார். மூக்கையோ முகத்தையோ மாற்றி அமைத்த பிறகு, கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது சுமார் 21 நாள் ஆவதை அவர் கவனித்தார். 1960-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் அதை எழுதினார். அந்தச் செய்தி வாய்க்கு வாய் மாறிப் போனபோது "குறைந்தது" என்ற சொல் காணாமல் போய்விட்டது. மூக்குக்குச் சொன்ன கணக்கை எல்லாப் பழக்கத்துக்கும் போட்டுவிட்டார்கள்.

உண்மையாகவே இதை அளந்து பார்த்தவர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி. அவரும் அவருடைய குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் சின்னதாக ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். சிலருக்குச் சாப்பாட்டோடு பழம் சாப்பிடுவது, சிலருக்குத் தண்ணீர் குடிப்பது, சிலருக்கு ஓடுவது அல்லது உடற்பயிற்சி. அதை "காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு" என்பது போல ஒரு கொக்கியில் மாட்டிக்கொண்டார்கள். அது யோசிக்காமலே வரும் பழக்கமாக மாற ஆன காலம், நடுத்தரமாகச் சொன்னால் 66 நாள். ஒருவருக்கு 18 நாளே போதுமாக இருந்தது. மிகவும் மெதுவாகப் பழகியவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. (ஆய்வு நடந்ததே 84 நாள்தான். அப்புறம் 254 எப்படி என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. அவர் போன வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டுச் சொன்னது.) தண்ணீர் குடிக்கும் பழக்கம் சீக்கிரம் வந்தது. உடற்பயிற்சிக்கு அதிக நாள் தேவைப்பட்டது.

ஆகவே உங்கள் தங்கைக்கு ஒரு மாதத்தில் வந்த பழக்கம் உங்களுக்கு நான்கு மாதத்தில் வரலாம். அது சோம்பல் இல்லை. "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்ற பழமொழியைச் சொல்லிப் பெரியவர்கள் பயமுறுத்துவது உண்டு. அது பாதி உண்மை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் தொட்டில் பருவத்தைத் தாண்டிப் பல வருஷம் ஆனவர்கள். அவர்களுக்கும் புதுப் பழக்கம் வந்ததே!

அதே ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. நடுவில் ஒரு நாள் விட்டுப் போனால் என்ன ஆகிறது என்றும் பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் தொடர்ந்தவர்களுக்குப் பழக்கம் படிந்துகொண்டேதான் போனது.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. உங்களில் பலர் கைப்பேசியில் மொழி கற்கும் செயலிகளைப் பயன்படுத்துகிறீர்கள். 40 நாள் விடாமல் செய்தால் 40 என்று காட்டும். ஒரு நாள் ஜுரம் வந்து படுத்தால் மறுநாள் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் "போதும்டா சாமி" என்று மூடி வைத்துவிடுவோம். 40 நாளில் கற்றது எங்கேயும் போகவில்லை, எண்தான் போனது. ஆனாலும் மனசு கேட்பதில்லை.

ஜப்பானில் வேறு மாதிரி ஒரு முறை இருக்கிறது. அங்கே 1928 முதல் வானொலியில் உடற்பயிற்சி ஒலிபரப்பாகிறது. ரேடியோ தைசோ என்று பெயர். உலகப் போருக்குப் பிறகு சில ஆண்டுகள் நின்று, 1951-இல் புதிய இசையோடு மறுபடி தொடங்கியது. இன்றும் காலை 6.30 மணிக்கு வருகிறது. கோடை விடுமுறையில் சிறுவர் சிறுமியர் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்துப் பூங்காவுக்குப் போவார்கள். பியானோ இசைக்கு ஏற்பக் கையைக் காலை ஆட்டிப் பயிற்சி செய்வார்கள். முடிந்ததும் அந்த நாளுக்கான கட்டத்தில் ஒரு முத்திரை குத்துவார்கள். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு கட்டம் காலியாக இருக்கும். அவ்வளவுதான். முன்பு வாங்கிய முத்திரைகளை யாரும் அழிப்பதில்லை. உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த மாதிரி கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி, நமக்கெல்லாம் முன்னால் தினமும் தமிழில் எழுதிய ஒருவரைப் பார்ப்போம்.

அவர் பெயர் ஆனந்த ரங்கப் பிள்ளை. 1709-இல் சென்னையில் பெரம்பூரில் பிறந்தார். புதுச்சேரியில் வளர்ந்து பெரிய வியாபாரி ஆனார். அப்போது புதுச்சேரியை ஆண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்களுக்கும் ஊர் மக்களுக்கும் இடையே பேசி, வியாபாரத்தையும் வழக்குகளையும் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அவரைத் துபாஷி என்பார்கள். "இரண்டு மொழி தெரிந்தவர்" என்று பொருள். (அப்படிப் பார்த்தால் இந்த வகுப்பில் எல்லோருமே துபாஷிதான்!) டூப்ளே என்பவர் புதுச்சேரியில் கவர்னராக இருந்தபோது ரங்கப் பிள்ளை தலைமைத் துபாஷியாக இருந்தார்.

1736 செப்டம்பர் 6-ஆம் நாள் அவர் ஒரு நாட்குறிப்பைத் தொடங்கினார். அப்போது அவருக்கு 27 வயது. தான் கண்ணால் பார்ப்பதையும் காதால் கேட்பதையும், துறைமுகத்துக்குக் கப்பல் வருவதையும் போவதையும் எழுதிவைப்பது அவர் எண்ணம். 1761 ஜனவரியில் இறக்கும் வரைக்கும், சுமார் 25 வருஷம், எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு, கவர்னர் இன்றைக்கு என்ன பேசினார், யாருக்கும் யாருக்கும் சண்டை, எந்த வீட்டில் கல்யாணம் என்று எல்லாம் அதில் இருக்கும். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்ததும், 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டதும் அதில் இருக்கின்றன. சண்டை நடந்த ஊரில் உட்கார்ந்துகொண்டே ஒருவர் எழுதியது அது.

இடையில் எழுதாத நாட்களும் உண்டு. சில பகுதிகள் தொலைந்தும் போயின. ஆனாலும் அவர் திரும்ப வந்து எழுதினார்.

அவருடைய தமிழ் எப்படி இருந்தது என்று நினைக்கிறீர்கள்? புலவர்கள் எழுதும் கடினமான தமிழ் என்றா? இல்லை. அன்றைக்குப் புதுச்சேரியில் மக்கள் பேசிய பேச்சு அதில் நிறைய இருக்கிறது. பிரெஞ்சு, போர்ச்சுகீசு, பாரசீகச் சொற்களும் கலந்திருக்கும். கவர்னரைத் "துரை" என்பார். நீங்கள் தமிழில் எழுதும்போது "பஸ்", "டீச்சர்", "ஸ்னாக்ஸ்" எல்லாம் நடுவில் வந்துவிடுகின்றனவே, அது போலத்தான். அவர் சரியான சொல்லுக்காகப் பேனாவைக் கடித்துக்கொண்டு காத்திருக்கவில்லை. 

அந்தக் குறிப்புகளைப் பல காலம் வெளியில் யாருக்கும் தெரியாது. அவர் இறந்து 85 ஆண்டுக்குப் பிறகு, 1846-இல், அவர் குடும்பத்தார் வீட்டில் அவை கண்டெடுக்கப்பட்டன. பிறகு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாகச் சென்னையில் வெளியிட்டார்கள். அந்தக் காலத்துத் தென்னிந்தியாவைப் பற்றி எழுத நினைக்கும் வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் அவற்றைத் தேடிப் படிக்கிறார்கள். நீங்கள் புதுச்சேரிக்குப் போனால் ரங்கப்பிள்ளை வீதியில் அவருடைய வீட்டைப் பார்க்கலாம்.

சரி, உங்கள் நோட்டுக்கு வருவோம். என்ன எழுதுவது? மாதிரிக்கு மூன்று:

இன்னைக்கு ஒரே ஸ்னோ. ஸ்கூல் பஸ் வரலை. அப்பா கார்ல கொண்டு விட்டார்.

வீடியோவில் தாத்தாவைப் பார்த்தேன். சிரித்தார். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஒண்ணும் நடக்கலை. சாம்பார். தூக்கம் வருது.

மூன்றில் எது நல்லது? இரண்டாவது என்று சொல்வீர்கள். எனக்கும் அது பிடிக்கும். எழுதினவர் தாத்தாவை உண்மையாகக் கவனித்துப் பார்த்திருக்கிறார். ஆனால் இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை நான் அதிக மதிப்பெண் கொடுப்பது மூன்றாவதற்குத்தான். எழுத ஒன்றுமே இல்லாத நாளில், கண் சொக்கும் நேரத்தில், அவர் நோட்டைத் திறந்திருக்கிறார்.

பேசுகிற மாதிரியே எழுதத் தொடங்குங்கள். வார இறுதியில், அந்த வாரம் எழுதியதில் மூன்று வரியை மட்டும் எடுத்து எழுத்துத் தமிழுக்கு மாற்றுங்கள். நிறைய மாற்ற வேண்டியிருக்காது. பேச்சில் "வந்துச்சு, நடந்துச்சு" என்போம், எழுத்தில் "வந்தது, நடந்தது". பேச்சில் "வரலை, தெரியலை", எழுத்தில் "வரவில்லை, தெரியவில்லை". "கார்ல, வீட்டுல" என்பது "காரில், வீட்டில்" ஆகும். "அவங்க சொன்னாங்க" என்பது "அவர்கள் சொன்னார்கள்" ஆகும். பாட்டி ஒருவரைப் பற்றி எழுதினால் "பாட்டி சொன்னார்" என்றால் போதும், மரியாதை அதிலேயே இருக்கிறது. "இன்னைக்கு, நேத்து, நாளைக்கு" மூன்றும் "இன்று, நேற்று, நாளை". இந்த மாற்றம் கைக்கு வந்துவிட்டால் பாட்டியின் நீளமான மெசேஜும் அவ்வளவு நீளமாகத் தெரியாது.

எந்த ஊரில் இருந்தாலும், டொராண்டோ, சிட்னி, ஓஸ்லோ, எங்கேயாக இருந்தாலும், கணினியில் எழுதாமல் கையால் எழுதுங்கள் என்பது என் விருப்பம். கைப்பேசியில் இரண்டு எழுத்தைத் தட்டினால் மீதியை அதுவே ஊகித்து எழுதிவிடும். அப்புறம் ல, ள, ழ மூன்றில் எது என்று நாம் எதற்கு யோசிக்கப் போகிறோம்?

பெற்றோர்களுக்கு: இந்த நோட்டைச் சிவப்பு மையால் திருத்த வேண்டாம். பிள்ளை தானாகக் காட்டினால் படியுங்கள், காட்டாவிட்டால் கேட்காதீர்கள். ஒரு வரிக்கு இவ்வளவு என்று காசும் கொடுக்க வேண்டாம். காசு நின்றால் எழுத்தும் நின்றுவிடக்கூடும். பிள்ளை எழுதும் அந்த இரண்டு நிமிஷம் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று வரி எழுதினால் ரொம்ப நல்லது. உங்களுக்கும் தமிழ் எழுதி எத்தனை வருஷம் ஆச்சோ!

அருஞ்சொற்கள்

நாட்குறிப்பு – அன்றன்று நடந்ததை எழுதிவைக்கும் குறிப்பு, டைரி
ஒற்றையடிப் பாதை – ஒருவர் பின் ஒருவராக மட்டும் நடக்கக்கூடிய குறுகிய வழி
கொக்கி – துணி, பை முதலியவற்றை மாட்ட உதவும் வளைந்த கம்பி
தோப்புக்கரணம் – கைகளால் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது
முற்றுகை – எதிரிப் படை ஓர் ஊரை நாலாபக்கமும் சூழ்ந்துகொள்வது
சரக்கு – விற்பதற்காக ஏற்றிச் செல்லும் பொருள்கள்
ஊகித்து – முழுவதும் தெரியாமலே இதுவாக இருக்கும் என்று எண்ணி

பயிற்சி

1. விடை சொல்லுங்கள்.
அ. பையன் ஒரு மணி நேரம் படிக்கிறேன் என்றபோது அம்மா ஏன் வேண்டாம் என்றார்?
ஆ. "21 நாள்" என்ற எண்ணில் எந்தச் சொல் விட்டுப்போனது?
இ. செயலியில் வரும் பூஜ்யத்துக்கும் ஜப்பானியச் சிறுவர்களின் காலிக் கட்டத்துக்கும் என்ன வேறுபாடு?
ஈ. ரங்கப் பிள்ளை துபாஷியாக இல்லாமல் இருந்தால் அவருடைய நாட்குறிப்பு எப்படி இருந்திருக்கும்? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

2. எழுத்துத் தமிழில் மாற்றி எழுதுங்கள்.
அ. நேத்து எங்க வீட்டுக்கு மாமா வந்தாங்க.
ஆ. மழை பெஞ்சுச்சு, அதனால நாங்க பார்க்குக்குப் போகலை.
இ. பாட்டி போன்ல என்ன சொன்னாங்கன்னு எனக்குப் புரியலை.
ஈ. என் பைல இருந்த பென்சில் காணாமப் போச்சு.

3. உரையாடலில் வரும் பாட்டி என்ன ரகசியம் எழுதியிருப்பார்? அந்த மெசேஜை நீங்களே பாட்டியாக மாறி ஐந்து வரியில் எழுதுங்கள். வகுப்பில் யாருக்கும் காட்டாமல் மடித்து, ஒரு நண்பரிடம் மட்டும் கொடுங்கள்.

4. தாத்தா, பாட்டி அல்லது வேறு ஒரு பெரியவரிடம் பேசுங்கள். சின்ன வயதிலிருந்து இன்றுவரை அவர் தினமும் செய்யும் ஒரு வேலை என்ன? கோலம் போடுவதாக இருக்கலாம், செய்தித்தாள் படிப்பதாக இருக்கலாம், காலையில் நடப்பதாக இருக்கலாம். எப்போது தொடங்கினார், எதைச் செய்து முடித்ததும் அதைச் செய்வார், எப்போதாவது விட்டுப்போனதா என்று கேட்டு எழுதி வாருங்கள்.

5. கோடிட்ட இடத்தை நிரப்பி, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இன்று இரவே தொடங்கலாம்.
நான் தினமும் ________ முடித்ததும், ________ இல் உட்கார்ந்து, மூன்று வரி எழுதுவேன்.